பின்னுக்கு இழுத்தால் சுடும்

தேர்தல் தேதி சொன்ன மறுநாள்
கம்பம் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தன துப்பாக்கிகள்.
ஏலக்காய்ச் சாக்கில் ஒன்று,
கிழிந்த மழைக்கோட்டில் ஒன்று,
ஒன்று மட்டும் கல்யாண வேட்டியில், கரை வெளியே தெரிய.
நான் ரைட்டர். சுடத் தெரியாது, எழுதத் தெரியும்:
பெயர், உரிமம், குழல் எண், விட்டம்,
செய்த நாடு.

பிச்சை முகமது ராவுத்தர் மேசையில் வைத்தது
புருனோ ஒண்ணாம் மாடல், பாயிண்ட் டூ டூ.
கோதண்டம் வைத்தது ரெண்டாம் மாடல்.
வித்தியாசம் என்ன என்று கேட்டது என் தப்பு.
"கட்டைதான். தடவிப் பாருங்க" என்றார் ராவுத்தர்.
"வெலைதான்" என்றார் கோதண்டம்.
"உலகச் சண்டை முடிஞ்ச கையோட செஞ்சது இது.
பீரங்கி செஞ்ச கை, முயலுக்கு இறங்கி வந்திருக்கு."
"அப்ப என்னுது?"
"அந்தக் கை கொஞ்சம் சலிச்சுப் போனப்புறம்."
டீ ரெண்டு முறை வந்தது.
மூணாம் மாடலைக் கண்ணால் கண்டவர் அந்த அறையில் இல்லை.
நாலு போட்டிக்காரர்களுக்காம், உலக்கைக் கனமாம்.
அஞ்சு மறுபடியும் ஒண்ணு மாதிரியேவாம்.
எண்ணக்கூடத் தெரியாத தொழிற்சாலை என்று சொல்ல வந்து,
எங்கள் தெருவின் கதவு எண்களை நினைத்து
வாயை மூடிக்கொண்டேன்.

அவிராச்சன் கம்பம்மெட்டிலிருந்து இறங்கி வந்தார்.
அவர் வீட்டுக்கு வாசல் தேனி, அடுப்படி இடுக்கி.
துப்பாக்கி வாசல் பக்கத்து அலமாரியில் இருப்பதால்
உரிமம் எங்களுடையது.
"நானூற்றி அம்பத்திரண்டு, சாரே. இது வேற ஊரு.
புருனோ அல்ல, உஹெர்ஸ்கி ப்ரோத்."
குழலில் செக்கோஸ்லோவாக்கியா என்று வெட்டியிருந்தது.

"அந்த நாடு இப்ப இல்ல" என்றாள் வரிசையில் ஷெர்லின்,
தன் நானூற்றி ஐம்பத்தேழுக்குப்
போட்டிக்காரர் விலக்குக் கேட்டு வந்த கல்லூரிப் பெண்.
"ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. சண்டை இல்லாம."
"சண்டை இல்லாமலா?" என்றார் கோதண்டம்,
அணைத் தண்ணீர்க் கூட்டம் ஒன்று விடாதவர்.

அதற்குள் ஏட்டு மாயாண்டி
அவிராச்சன் துப்பாக்கியைச் சோதிக்க எடுத்தார்.
பூட்டின் பின்னால் உள்ள சின்ன நெம்பைப்
பின்னுக்கு இழுத்தார், பத்திரம் என்று.
"அது தலைகீழ் சார்! முன்னால தள்ளினாத்தான் பூட்டு,
பின்னால இழுத்தா சு—"
விசையையும் தொட்டுவிட்டார்.

மேகசினைக் கழற்றித்தான் கொண்டுவந்திருந்தார் அவிராச்சன்.
குழலறையில் ஒன்று மிச்சமிருந்ததைக்
கர்த்தர் மட்டுமே அறிவார்.
சத்தம் பெரிதில்லை,
கொட்டாங்கச்சியை மிதித்தது போல.
இருபது லிட்டர் தண்ணீர் கேனின் வயிற்றில் ஒரு துளை.
மறுபக்கம் துளை இல்லை.
தண்ணீர் மெல்லிய கம்பியாக வளைந்து
என் பதிவேட்டைத் தேடி வந்தது.
யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் அசைந்தோம்.
ராவுத்தர் கட்டைவிரலால் துளையை அடைத்தபடி
"சின்னக் குழல்தான். ஆனா நேராப் போகும்" என்றார்.

"என்னோடதுல மாத்திட்டாங்க" என்றாள் ஷெர்லின்.
"மத்த துப்பாக்கி மாதிரியே, முன்னால தள்ளினா சுடும்."
"மாத்த எத்தனை வருஷம் ஆச்சு?"
"அறுபதுக்கு மேல."
மாயாண்டி உட்கார்ந்தார்.
அவருக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்.

இன்ஸ்பெக்டர் கதவு திறப்பதற்குள்
ஈரப் பக்கத்தை ஊதி ஊதி எழுதி முடித்தேன்.
ஒரு கட்டம் மட்டும் காலி.
செக் குடியரசு என்றால் குழல் ஒப்பாது.
செக்கோஸ்லோவாக்கியா என்றால் தாசில்தார் கேட்பார்,
எங்கே அம்மா இருக்கிறது அது?
எழுதினேன்: குழலில் கண்டபடி.

ரசீதை நாலாக மடித்தார் அவிராச்சன்.
"ஓட்டு எண்ணினதும் தந்துடுவீங்கல்ல, சாரே?
பன்னி இறங்குது, அடுப்படிப் பக்கம்."

"அது இடுக்கி" என்றேன்.